புல்பேக் வீட்டு வெற்றிலைத் தட்டு

என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. றக்வானையிலிருந்து கொடகவெல வரைக்கும் அவர் புல்பேக். பஸ் கண்டக்டருக்குப் புல்பேக். பெல்மதுளைச் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளிக்குப் புல்பேக் மல்லி, அதாவது தம்பி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புல்பேக் மாமா. உதைபந்தாட்டத்தில் கோல் காப்பவருக்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஆளை அப்படிச் சொல்வார்கள் என்பதே கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அவரைத் தாண்டிவிட்டால் அடுத்தது கோல்தான்.

மற்ற இடங்களில் கோல் அடிக்கிறவனைத் தோளில் தூக்குவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் மறிக்கிறவனைத் தூக்கினார்கள். அதற்குக் காரணம் எங்கள் மைதானம். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பின்னால், தேயிலை வைக்க லாயக்கில்லாத ஒரு சரிவை வெட்டி யாரோ ஒரு காலத்தில் மைதானமாக்கியிருக்கிறார்கள். வெட்டியும் சரிவு போகவில்லை. கீழ் கோலுக்குப் பின்னால் பள்ளம், பள்ளத்துக்கு அடியில் ஓயா, சின்ன ஆறு. பந்து அங்கே விழுந்தால் அட்டைக்கடியோடு இறங்கித் தேட வேண்டும். மழைக்காலமென்றால் தேடிப் பயனில்லை, தண்ணீர் கொண்டுபோயிருக்கும். அப்புறம் அடுத்த பந்துக்கு யார் வீட்டில் கேட்பது? அதனால் பந்தைப் பள்ளத்துக்கு விடாதவன்தான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய ஆட்டக்காரன். என் கணவர் சிறு பையனாக அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கத் தொடங்கியவர். வளர்ந்த பிறகும் அந்த இடத்தை விட்டு முன்னால் வரவில்லை.

அவருடைய ஆட்டத்தை நான் பார்த்தது கொஞ்சம். பார்த்தபோதும் பந்தைப் பார்த்ததில்லை. அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன், எங்கே மடங்கிவிடுமோ என்று. ஓடுவதைவிட அவர் நிற்பதுதான் அதிகம். எதிராளி எவ்வளவு துள்ளிக்கொண்டு வந்தாலும் இவர் அவசரப்பட மாட்டார். பின்னால் பின்னால் நகர்ந்து கொடுத்துக்கொண்டே போவார். அவன் பந்தைக் காலிலிருந்து ஒரு சாண் தள்ளிவிடுகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து எடுத்துவிடுவார்.

"மாட்டுக்குப் புல்லுக் காட்டுற மாதிரி காட்டிக்கிட்டே வந்து, கட்டிப் போட்டுருவான்" என்று எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த வீட்டில், இருக்கும் மாமா சொல்வார்.

மாவட்ட அணிக்கும் விளையாடியிருக்கிறார். ஒரு முறை கோல் கோட்டில் விழுந்து நெஞ்சால் மறித்தபோது, வந்தவனின் பூட்ஸ் முகத்தில் பட்டு முன்பல் ஒன்று போனது. அந்த ஆட்டத்தை இன்றைக்கும் சொல்வார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் போன பல் ஒன்று கூடும்.

என் அப்பா அவரைப் பார்த்தது அந்த மாதிரி ஓர் ஆட்டத்தில்தான். நான் கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் தோட்டத்து அணியோடு லொறியில் ஏறி வந்த அப்பா, தோற்றுத் திரும்பிய அணியோடு சந்தோசமாக வீட்டுக்கு வந்தார்.

"ஒரு பையனப் பாத்தேன். பந்தையே விடமாட்டேங்கிறான். நம்ம புள்ளய விட்டுருவானா?"

"பந்துக்குச் சோறு போட வேண்டியதில்லையே" என்றார் அம்மா.

நான் உயர்தரப் பரீட்சை, ஏ எல், எழுதி முடித்திருந்தேன். படித்த பிள்ளையை மறுபடியும் லயத்துக்கே கொடுப்பதா என்று அம்மா ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எனக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. 

கல்யாணத்துக்கு முன்பே கொழும்புக் கழகம் ஒன்று அவரைக் கூப்பிட்டிருக்கிறது. பண்டகசாலையில் வேலை, தங்க இடம், மாலையில் பயிற்சி. அவர் போகவில்லை. கோயில் திருவிழாவோடு முடிகிற தோட்டங்களுக்கிடையிலான போட்டியில் ஒரு விதி உண்டு. தோட்டத்து வேலைப் பதிவில், அதாவது செக்ரோலில், பெயர் இருக்கிறவன்தான் தோட்டத்துக்கு விளையாடலாம். வெளியே வேலைக்குப் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். கொழும்புக் கடைகளுக்குப் போன பையன்கள் திருவிழாவுக்கு வந்து, நல்ல சப்பாத்தோடு கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். உள்ளே கால் வைக்க முடியாது. இவருக்கு அப்படி நிற்க மனம் வரவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டு தோட்டத்திலேயே இருந்துவிட்டார்.

ஏன் போகவில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்க போனா அங்க உள்ளவனுக்குப் பந்த மறிக்கணும். அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே."

இதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

மகள் பிறந்த பிறகு நான் பயப்பட ஆரம்பித்தேன். அதற்கு முன்பும் பயந்தவள்தான், ஆனால் பயத்துக்கு ஒரு முகம் வந்தது அப்போதுதான். தோட்டத்து முன்பள்ளியில் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என் கையில் உயிரெழுத்துப் பழகிய பிள்ளைகள் பெரிதாகி எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் கொழும்புக் கடைக்கு, பாதிப் பேர் கொழுந்து பறிக்க மலைக்கு. மகள் ஐந்தாம் வயதை நெருங்க நெருங்க, அவளுக்கு முன்னால் அந்த இரண்டு பாதை மட்டும்தான் இருக்கிற மாதிரி இருந்தது. வேறொன்று திறக்குமானால் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

ஒன்று திறந்தது. மாவட்ட அணிக்குப் பயிற்சி கொடுத்த சிங்கள சேர் ஒருவர் என் கணவரை மறக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு தனியார் பாடசாலை, பெரிய மைதானம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளவும் சின்னப் பையன்களுக்கு ஆட்டம் பழக்கவும் ஓர் ஆள் தேவை. வளவுக்குள்ளேயே வீடு. வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு அங்கேயே படிப்பு. சேர் போனில் பேசியதை என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மல்லி, மே செரே சான்ஸ் எக்க மிஸ் கரகன்ன எபா" என்றார் சேர். இந்த முறையாவது விட்டுவிடாதே என்கிறார். கொழும்பை அவரும் மறந்திருக்கவில்லை.

ஆனால் நிர்வாகக் குழு நேரில் பார்த்துத்தான் எடுக்கும். பையன்களோடு ஓட வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும். திருவிழா முடிந்து மூன்றாம் கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. பயிற்சி ஆட்டத்தில் திரும்பும்போது உள்ளே என்னவோ நழுவிய மாதிரி இருந்ததாம். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, தசைநார் பாதி கிழிந்திருக்கலாம், விளையாடாமல் கவனமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், இன்னொரு முறை திருகினால் கஷ்டம் என்றார். நான் போனில் தேடி அதற்குமேலும் வாசித்தேன். வாசித்திருக்க வேண்டாம். முழங்கால் என்று எழுதினாலே சத்திரசிகிச்சைப் படங்களாக வந்து நின்றன.

கணக்கு எனக்கு எளிதாகத்தான் இருந்தது. திருவிழா இறுதி ஆட்டத்தில் அவர் இறங்கக்கூடாது. கால் அந்தத் தேர்வு நாள் வரைக்கும் தாங்க வேண்டும். அவரும் தலையாட்டினார். அதுவரை அவருக்கு வேலையும் பாதகமில்லை. போட்டி மாதத்தில் ஆட்டக்காரர்களை மலைக்கு அனுப்ப மாட்டார்கள். தவறணையில், அதாவது நாற்றுப் பண்ணையில், நிழலில், தேயிலைக் கன்றுக்கு மண் நிரப்புகிற வேலை. அது எங்கள் தோட்டத்தில் எப்போதிருந்தோ உள்ள வழக்கம்.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

கொரோனாவும் அதற்குப் பிறகு வந்த கஷ்டமும் சேர்ந்து போட்டி சில வருஷம் நடக்கவில்லை. இடையில் மாமியார் இறந்துவிட்டார். ஆகவே அந்த வருஷம்தான் வீட்டுப் பெண்ணாக நான் வாசலில் நின்ற முதல் திருவிழா. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாளிருக்க, பின்னேரம், தோட்டத் தலைவரும் அவர் மனைவியும் இன்னும் நாலைந்து பெண்களும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்பூரம். அதற்கு மேல் துவைத்து மடித்த அவருடைய ஆட்டச் சட்டை, ஜேசி. அவர் தவறணையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் மகளைக் குளிப்பாட்டி ஈரக் கையோடு நின்றேன்.

"என்னா டீச்சர், மாமியார் இல்லாத வீடுன்னு வராம இருப்போமா?" என்றார் தலைவரின் மனைவி. "இந்தாங்க, ஒங்க கையால வாங்குங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எங்கள் கேகாலைப் பக்கத்தில் திருவிழாவுக்கு அழைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டோடு வருவார்கள். வீட்டுப் பெண் வாங்கிக்கொள்வாள். அது வந்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை, அவ்வளவுதான். போவதும் போகாததும் பிறகு. தட்டை நீட்டியவர்களை அப்படியே நிற்க வைக்க எனக்குக் கை வரவில்லை. அவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. பிளேன்டீ குடித்தார்கள். மகளின் கன்னத்தைக் கிள்ளினார்கள். போகும்போது கூட வந்த தப்புக்காரர் தப்பு மேளத்தை இரண்டு அடி அடித்தார். அதற்கும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்து ஜேசியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"வாங்கிட்டியா?"

"வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா?"

"கூறு கெட்டவளே, அதத்தான் செய்யணும்." கோபமில்லை. சிரிக்கக்கூடச் செய்தார். "நீ வாங்கினா நான் எறங்கணும். அதுதான் அந்தத் தட்டு."

பிறகுதான் சொன்னார். முன்பு ஓர் ஆட்டத்தில் ஒருவனுக்குக் கால் முறிந்து, அவன் மனைவி மைதானத்துக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டாளாம். அதற்குப் பிறகு எந்த ஆட்டக்காரனையும் நேராகக் கேட்பதில்லை. வீட்டுப் பெண்ணிடம் தட்டு போகும். அவள் வாங்கினால் அவன் காலை அவள் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இத ஏன் எனக்கு முந்தியே சொல்லல?"

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதுவும் சரிதான். மாமியார் வாங்கியபோதெல்லாம் நான் அடுப்படியில் இருந்திருக்கிறேன்.

அவர் மகளுக்குக் கொடுக்க ஒரு வாழைப்பழத்தை உரிக்கப் போனார். நான் தடுத்தேன். பழம் குறைந்தால் திருப்பிக் கொடுக்க முடியாதே என்று அந்த நேரமே எனக்குத் தோன்றியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு பாதி மட்டும் எறங்குறேன். நின்ன எடத்துல நிக்கிறேன்."

"டொக்டர் சொன்னது மறந்துருச்சா? ஸ்கூல்காரங்க முன்னால நொண்டிக்கிட்டா ஓடுவீங்க?"

பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு, "நீயே சொல்லு. நீ சொல்றபடி செய்றேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் விடியற்காலை, பிரட்டுக்கு, காலை வேலைப் பதிவுக்கு, ஆட்கள் இறங்கும் முன்பே, தட்டை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். ஆனால் பீலியடியில் பெண்கள் ஏற்கெனவே தண்ணீருக்கு நின்றார்கள். என் கையில் தட்டைப் பார்த்ததும் ஒரு குடம் நிறைந்து வழிந்தது, யாரும் எடுக்கவில்லை.

தலைவரின் மனைவி வெளியே வந்தார். நான் காலைப் பற்றி, வைத்தியர் சொன்னதைப் பற்றி, பாடசாலையைப் பற்றி வரிசையாகச் சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். சொல்லச் சொல்ல வாத்தியார் மாதிரி பேசுகிறேனோ என்று எனக்கே இருந்தது.

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே டீச்சர். ஒங்கள யாரு கழுத்தப் புடிச்சா?"

"எனக்கு வழக்கம் தெரியாதுங்கக்கா."

"ஏ எல் படிச்சவங்களுக்கு வெத்தில தெரியாதாம்டீ" என்றாள் பீலியடியில் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பரிசம் போட்ட தட்டயில்ல திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்றாள் இன்னொருத்தி.

நான் தட்டை நீட்டினேன். தலைவரின் மனைவி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்த தட்டை வாங்கினால் வாங்குகிறவர் வீட்டுக்கு ஆகாதாம். தலைவரும் வாங்கவில்லை. அவர் நல்ல மனிதர். "சரிம்மா. அப்பிடி வச்சிட்டுப் போங்க. அவன் கால் நல்லா இருக்கட்டும்" என்றார். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். வெற்றிலை அதற்குள் ஓரம் சுருண்டிருந்தது.

அன்று காலைப் பிரட்டிலேயே கங்காணி அவரை ஏழாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்துக்குப் போட்டார். எங்கள் தோட்டத்தில் ஆகச் செங்குத்தான மலை அது.

"கோவிச்சுக்காத புல்பேக். வெளையாடுற ஆளுங்களுக்குத்தான் தவறண. ஒனக்கு மட்டும் குடுத்தா நாளைக்கு மத்தவன் என்னயக் கேப்பான்."

கங்காணி சொன்னதில் பொய்யில்லை. அதுவும் வழக்கம்தான். அந்த இரண்டு வழக்கத்தையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கவில்லை. காலைப் பற்றி வைத்தியர் சொன்னது, இணையத்தில் வாசித்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். இது மட்டும் விட்டுப்போனது.

"நான் போய்ப் பேசவா? காலக் காட்டி..." என்றேன்.

"வேணாம். அங்க குடுக்க மாட்டேன்னுட்டு இங்க போய்க் கேப்பியா? பாத்து வெட்டிக்கிறேன்."

இறுதி ஆட்டத்தன்று அவர் வீட்டிலேயே இருந்தார். மைதானம் எங்கள் லயத்திலிருந்து தெரியாது, ஆனால் சத்தம் வரும். முழங்காலில் சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே ஆட்டத்தைச் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது.

"இப்ப மேலருந்து அவனுங்க வர்றானுங்க... ஒதுக்கிட்டான். நல்ல பையன். இது கார்னரு... இல்ல, த்ரோ."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கத்தும்போது அவளும் கத்தினாள். நான் அரிசி புடைத்துக்கொண்டு அவர் காலைப் பார்த்தேன். பந்து வரும் பக்கத்துக்கெல்லாம் அந்தக் கால் தானாக நகர்ந்தது.

இரண்டாம் பாதியில் சத்தம் கூடியது. பிறகு ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அடுத்து, மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, வெளித்தோட்டத்து ஆட்கள் நிற்கும் பக்கத்திலிருந்து, பெரிய கூச்சல்.

"போச்சு" என்றார். "எடது பக்கமாத்தான் விட்டுருப்பானுங்க. முன்னால ஓடியிருப்பான். ஓடக்கூடாது அங்க."

அந்த ஒரு கோலில் தோற்றார்கள். இருட்டுவதற்கு முன் ஆட்கள் எங்கள் வாசலைத் தாண்டி மேலே போனார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்துக் காம்பிரா மாமா மட்டும் கொஞ்சம் குடித்திருந்தார். "புல்பேக்கு, எடது பக்கமாத்தாண்டா விட்டானுங்க" என்று சொல்லி அழுதார். அவரை என் கணவர்தான் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். கால் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த கிழமை மழை. ஏழாம் நம்பரில் வெட்டிய வாதுகள், தேயிலைக் கிளைகள், நனைந்து கிடந்தன. மேல் வரிசையிலிருந்து கீழே கால் வைத்தபோது வாது உருண்டிருக்கிறது. கையில் கவ்வாத்துக் கத்தி. கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு விழுந்ததால் வேறு காயமில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். முழங்கால் மட்டும் திரும்பக்கூடாத பக்கம் திரும்பிவிட்டது. நாலு பேர் கம்பில் சாக்கைக் கட்டித் தூக்கி வந்தார்கள். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு மரம் வரையச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை பெரிய வைத்தியர் பார்த்தார். தசைநார் முழுதாக அறுந்திருக்கிறது, சத்திரசிகிச்சைக்குப் பெயர் போட்டு வைக்கிறோம், முறை வர நாளாகும், வந்தாலும் மலையில் வேலை செய்கிற கால் இனி இல்லை என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

தோட்டமே வந்து பார்த்தது. விவா, தோடம்பழம், மாரி பிஸ்கட் எல்லாம் மேசை மேல் சேர்ந்தன. பீலியடியில் சிரித்தவள் மகளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டினாள். தலைவரின் மனைவி அவர் காலைத் தொட்டுப் பார்த்து அழுதார். ஒருவர்கூட என்னைக் குத்திப் பேசவில்லை. பக்கத்துக் காம்பிரா மாமாதான், அவரும் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு எறங்கியிருந்தான்னா இந்த மாசம் பூரா தவறணயிலயில்ல இருந்திருப்பான்."

 நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் இறங்கியிருந்தால் ஆட்டத்திலேயே கால் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஒரு பாதி மட்டும், நின்ற இடத்தில் நின்றிருந்தால் போயிருக்காது என்றும் தோன்றும். இரண்டில் எதையும் யாராலும் இனி எனக்கு உறுதிப்படுத்த முடியாது.

தேர்வு நாளன்று அவர் போகத்தான் வேண்டும் என்றார். சேருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம். காலைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள், கக்கத்தில் ஊன்றுகோல். பஸ்ஸில் கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி, "நெகிட்டின்ன அய்யே, மே புல்பேக்" என்று இடம் வாங்கிக் கொடுத்தார். றக்வானையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் கால் கம்பியில் இடித்தது. மகள் புதுச் சட்டை போட்டிருந்தாள். ஏன் போட்டுவிட்டேன் என்று தெரியவில்லை.

அந்த மைதானம் சமமாக இருந்தது. அவ்வளவு சமமான நிலத்தை அவர் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சேர் ஓடி வந்தவர் ஊன்றுகோலைப் பார்த்ததும் நடையாகிவிட்டார். நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து, அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். கால் சரியான பிறகு கட்டாயம் வந்து பார்க்கச் சொன்னார்கள். இடம் அதுவரை காலியாக இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சேர் மகளுக்குக் கிரீம் பணிஸ் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் முன் என் கணவர் கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற பையன் பந்தைப் பார்த்து முன்னால் ஓடினான்.

"பஸ்ஸட்ட, மல்லி, பஸ்ஸட்ட!" என்று இவர் கத்தினார். பின்னால் போ, பின்னால் போ.

பையன் திரும்பிப் பார்த்தான், யார் இந்த ஆள் என்கிற மாதிரி. அதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போயிருந்தது.

அந்த மாதக் கடைசியில் வேறொருவரை எடுத்துவிட்டதாகச் சேர் போன் பண்ணினார். அவர் குரல் உடைந்திருந்தது. என் கணவர்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யோசிக்க அதிகமில்லை. லயத்துக் காம்பிரா எங்களுக்கு இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒரு பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டும். முன்பள்ளி வேலை அந்தக் கணக்கில் வராது. என் பெயரைப் பதியச் சொன்னபோது பெரிய கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார். யோசிக்காமல் நான் எதையும் செய்ததில்லை, அதனால் என்ன வந்தது என்று சொல்ல நினைத்தேன். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "அட்ட கடிக்காம கால்ல சவுக்காரம் பூசிக்க" என்றார்.

முதல் நாள் தலைவரின் மனைவிதான் என் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிவிட்டார். தன் நிரைக்குப் பக்கத்திலேயே எனக்கு நிரை கேட்டு வாங்கினார். கொழுந்தையும் முற்றிய இலையையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது, ஆனால் பறிக்கத் தெரியவில்லை. விரலெல்லாம் கறுத்தது. முன்பள்ளிக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள், என்னைவிடக் கெட்டிக்காரி என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

மகளைக் காலையில் அவர்தான் எழுப்பிச் சட்டை போட்டுவிட்டுத் தோட்டத்துப் பாடசாலைக்கு அனுப்புகிறார். நான் பிரட்டுக்கு இறங்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். போன கிழமை ஒரு நாள் விழித்துக்கொண்டாள். என் தலைக்கயிற்றையும் கொழுந்துக் கூடையையும் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் சின்னக் கூடை ஒன்னு வேணும்" என்றாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"வாங்கித் தர்றேன்னு சொல்லிறாதீங்க" என்றேன். கீழே பிரட்டுக்குத் தகரம் தட்டினார்கள். மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. படியில் வழுக்காமல் பார்த்து இறங்கினேன்.